சாத்தானுக்கு ஒரு கடிகாரம்

"மணி நாலாக இன்னும் பத்தே நிமிஷம். மாப்பிள்ளையைக் காணோம்!" என்றார் விஸ்தின், மூன்றாவது தடவையாக.

பஸ்தீசிக் கடை நேனு, பாலாடைக்கட்டி அடைத்த மாவுத் துண்டுகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டே நிமிர்ந்து எதிரே இருந்த பசிலிக்காக் கோயிலைப் பார்த்தார். இடது கோபுரத்துக் கடிகாரம் நாலுக்குப் பத்து என்றது. வலது கோபுரத்துக் கடிகாரம் ஒன்பதே கால் என்றது.

"வருவான்யா. நீ முதல்ல அந்தத் தொப்பியைக் கசக்காம இரு. வாடகைத் தொப்பி."

வல்லெட்டா நகரில் பிறந்த குழந்தைகூட வலது கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்லாது. இடது கடிகாரம் மனிதருக்கு, வலது சாத்தானுக்கு. பூசை நேரத்தில் வந்து ஆத்துமாக்களைக் கொத்திக்கொண்டு போக அவன் காத்திருக்கிறான் அல்லவா? அவன் பொய் நேரத்தைப் பார்த்து ஏமாந்து, ஆளில்லாத கோயிலுக்கு வந்து அசடு வழியட்டும் என்று முன்னோர் செய்த ஏற்பாடு அது. வலது கடிகாரத்துக்கு உள்ளே யந்திரம் எதுவும் கிடையாது. சனிக்கிழமைதோறும் விஸ்தின் ஏறிப்போய் முள்ளை வேறு ஒரு பொய்யில் நிறுத்திவிட்டு வருவார். இடது கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதும் அவர்தான். முப்பத்தொரு வருஷமாக அந்தப் பேட்டையே அவர் அடிக்கவைக்கும் மணியில்தான் எழுந்தது, சாப்பிட்டது, தூங்கியது.

அவருக்கோ வீட்டில் ஒரு சுவர்க்கடிகாரம் கிடையாது, கையிலும் கிடையாது. "சமையல்காரன் பையில சோறு கட்டிக்கிட்டுப் போவானா?" என்பார்.

இன்று அவருடைய ஒரே மகள் ஜுதித்தாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சால்வு, கோசோ தீவுக்காரன். அவன் கப்பல் வேலை முடிந்து வரட்டும் என்று நாலு வருஷம் காத்திருந்தாள் பெண். "கடல் தாண்டிய சம்பந்தம், காத்து திரும்பினா ஆளும் திரும்பிடுவான்" என்று பக்கத்து மாடத்துச் சென்சா அந்த நாலு வருஷமும் சொல்லிக்கொண்டே இருந்தாள். இப்போது நாலுக்குப் பத்து. மாப்பிள்ளையும் இல்லை, மாப்பிள்ளை வீட்டாரும் இல்லை. அதைவிட மோசம், பெண் வீட்டு விருந்தாளிகளையும் காணோம். கோயில் முற்றத்தில் கல்யாணக் கூட்டம் என்று சொல்ல இரண்டு புறாக்கள் இருந்தன. கோயில் பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் வெள்ளைத் தொப்பியோடு நின்று இரண்டு கடிகாரங்களையும் மாறி மாறிப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"விஷயம் ஊருக்குத் தெரிஞ்சுபோச்சு நேனு. மாப்பிள்ளை வரமாட்டான்னு தெரிஞ்சுதான் ஒருத்தரும் வரலை."

"வெயிலைப் பாரு. இந்த ஜூன் மாச வெயில்ல எவன்யா சும்மா வந்து நிப்பான்?"

"கல்யாணம் சும்மாவா?"

நேனு அடுப்புக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

விஸ்தினுக்கு மனைவி ரோசா மீதும் குறைதான். அழைப்பிதழை அவளே எழுதி, அவளே அச்சடித்து, தங்கையைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாக அவளே கொடுத்து முடித்துவிட்டாள். பெண்ணைப் பெற்றவர் கண்ணில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. இன்று காலையில் இட்ட கட்டளைக்கு மட்டும் குறைச்சலில்லை. "நாலு மணிக்குக் கல்யாணம். மூணரைக்கே கோயில் வாசல்ல நிக்கணும். மேலே மட்டும் ஏறக் கூடாது. என் அம்மா படத்து மேல கை வச்சுச் சத்தியம் பண்ணுங்க."

சத்தியம் வாங்கியதற்குக் காரணம் இருந்தது. அவர்களுடைய சொந்தக் கல்யாணத்தன்று, விஸ்தின் "ஒரு நிமிஷம்" என்று மணிக்கூண்டில் ஏறியவர், ஐம்பது நிமிஷம் கழித்துக் கையெல்லாம் எண்ணெயோடு இறங்கினார். ரோசா பீடத்தின் முன்னால் பூச்செண்டு வாடும்வரை தனியாக நின்றாள். அந்தக் கதை, வீட்டில் உப்பு தீர்ந்துபோனால்கூட வெளியே வரும்.

பசிலிக்காவின் பக்கத்துக் கதவு திறந்தது. பங்குச் சாமியார் துன் மிக்கியேல் பனியனோடு, தோளில் துண்டோடு, கையில் ஒரு கீற்றுத் தர்ப்பூசணியோடு வெளியே வந்தார். மனிதர் நல்லவர்தான், ஆனால் நேரம் என்று வந்துவிட்டால் இரும்பு. குறித்த மணியிலிருந்து கால் மணி பொறுப்பார். அதற்கு மேல் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விடுவார். போன வருஷம் கயிற்றுக்கடைக்காரர் மகள் பூட்டிய கதவின் முன்னால் வெள்ளை உடையோடு அழுதாள். அந்தக் கல்யாணம் அடுத்த செவ்வாய்க்கிழமை, ஊசிப்போன கேக்கோடு நடந்தது.

"சாமி! மாப்பிள்ளை வந்துடுவான் சாமி. படகுதான் கொஞ்சம்..."

"என் சட்டம் தெரியும்ல விஸ்தின்? கால் மணி. ஆள் முகத்தைப் பார்க்க மாட்டேன், கடிகாரத்து முகத்தைத்தான் பார்ப்பேன்." சாமியார் விதையைத் துப்பிவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். "அட, கோட்டும் தொப்பியுமா ரெடியாயிட்டியே! ரோசா கெட்டிக்காரிதான்."

கோட்டுக்கு இஸ்திரி போட்டதைச் சொல்கிறார் என்று விஸ்தின் நினைத்துக்கொண்டார்.

சாமியார் உள்ளே போனதும் அவர் இடது கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தார். நாலுக்கு ஒன்பது. பெரிய முள் அசைவது கண்ணுக்குத் தெரிவது போலவே இருந்தது. நாலு அடித்து, நாலே கால் ஆகி, கதவு சாத்தப்பட்டு, ஜுதித்தா அந்த வெள்ளை உடையோடு தெருவில் திரும்பி நடந்தால், நாற்பது மாடங்களிலிருந்து நாற்பது சென்சாக்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

மாமியார் படத்தை மனதில் நினைத்து ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, விஸ்தின் மணிக்கூண்டுக் கதவைத் திறந்தார். நூற்றுப் பதினாலு படி. மேலே போய், முப்பத்தொரு வருஷமாகத் தூசி படவிடாத ஊசல்குண்டைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

டக் டக் என்ற சத்தம் நின்றது. நாலுக்கு எட்டு. இனி மாப்பிள்ளை எப்போது வந்தாலும் மணி நாலுக்கு எட்டுதான். காலத்தை நிறுத்திய முதல் ஆள் வேதத்தில் சூரியனை நிற்கவைத்த யோசுவா, அடுத்த ஆள் நான் என்று ஒரு கணம் அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கீழே இறங்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது நேனு கேட்டார். "என்னய்யா, நாலு அடிக்கவே இல்லையே? நாலு அடிச்சாத்தானே நான் அடுத்த ஈடு போடணும்?"

அப்போதுதான் விஸ்தினுக்கு உறைத்தது. ரோசா சொல்லியிருந்தாள், "மணி அடிச்சதும் பொண்ணைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிடுவோம்." மணி அடிக்கவில்லை என்றால் பெண்ணும் கிளம்பமாட்டாள்!

ஓடினார். வல்லெட்டாத் தெருக்கள் படிக்கட்டுகளாகவே இருக்கும். தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கி ஏறி வீட்டுக்குள் பாய்ந்தார். கல்யாணப் பெண் பழைய கவுனோடு, தலை நிறையச் சுருட்டைக் குழாய்களோடு, தக்காளி தேய்த்த ரொட்டியைச் சாவகாசமாகக் கடித்துக்கொண்டிருந்தாள். கல்யாண உடை அலமாரிக் கதவில் தொங்கியது.

"அடிப்பாவிகளா! இன்னும் டிரெஸ்கூடப் போடலையா!"

"கத்தாதீங்க அப்பா. பசிக்குது."

ரோசா இஸ்திரிப் பெட்டியோடு திரும்பினாள். "இங்க எதுக்கு வந்தீங்க? வாசல்ல நிக்கச் சொன்னேன்ல? மணி அடிக்கட்டும், கிளம்புவோம்."

"அடிக்காது ரோசா."

"ஏன் அடிக்காது?"

"அது... நின்னுபோச்சு."

ரோசாவின் கண் அவருடைய உள்ளங்கைக்குப் போனது. கறுப்பாக எண்ணெய்.

"ஏறினீங்களா?"

"படிதான் ஏறினேன்..."

ரோசாவின் முகம் வெளிறியது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அப்படிப் பயந்து அவர் பார்த்ததில்லை. "ஐயோ, தேவமாதாவே! இந்தப் பேட்டையே அந்த மணியை நம்பி உட்கார்ந்திருக்கு. நான் எப்படி நேரம் பார்ப்பேன்? மனுஷனா நீங்க? போங்க! போய் இப்பவே ஓடவிடுங்க!"

விஸ்தின் வந்த வேகத்தில் திரும்பி ஓடினார். ஓடவிடலாம், ஆனால் எத்தனை மணியில் ஓடவிடுவது? ஊருக்கே நேரம் சொன்ன மனிதருக்கு நேரம் சொல்ல ஊரில் வேறு கடிகாரம் இல்லை. கோயில் முற்றத்தில் அந்த வெளிநாட்டுக்காரரின் மணிக்கட்டு வெயிலில் மின்னியது. விஸ்தின் அவர் கையை எட்டிப் பிடித்தார்.

"ஐயா, புண்ணியமாப் போகும், மணி என்ன?"

வெளிநாட்டுக்காரர் சந்தோஷமாகப் பார்த்துச் சொன்னார். "நாலுக்கு எட்டு. என் வாட்ச் கொஞ்சம் வேகமா ஓடிடுச்சு போலிருக்கு. இப்பத்தான் உங்க கோயில் கடிகாரத்தைப் பார்த்துத் திருத்தி வச்சேன்."

விஸ்தினுக்கு அழுகை வந்தது. நேனுவிடம் ஓடினார். "நேனு, நீயாவது சொல்லு. மணி என்ன இருக்கும்?"

"ஒரு ஈடு வெந்து இறக்கியாச்சு. ரெண்டாவது ஈடு இப்பத்தான் சிவக்குது. நாலரையை ஒட்டி இருக்கும்."

நாலரை! கால் மணி கடந்து இன்னொரு கால் மணி. முள்ளை நாலரையில் வைத்தால் சாமியார் கதவைப் பூட்டுவார். வைக்காவிட்டால் பெண் கிளம்பமாட்டாள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக ஆகிவிட்டது. நூற்றுப் பதினாலு படியையும் யோசித்துக்கொண்டே ஏறி, மேலே போய்ச் சேர்வதற்குள் ஒரு முடிவுக்கு வந்தார். முள்ளைச் சரியாக நாலு மணிக்கு நகர்த்தினார். ஊசலைத் தள்ளிவிட்டார். மணி கணீரென்று நாலு அடித்தது. பெண் கிளம்பிவிடுவாள், சாமியாரின் கால் மணியும் இனிமேல்தான் தொடங்கும்.

ஆனால் மனசாட்சி குத்தியது. முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக மனிதரின் கடிகாரம் பொய் சொல்கிறது. அதுவும் கல்யாண நாளில். உண்மை எங்கேயாவது இருக்கவேண்டாமா? கூரை வழியாக வலது கோபுரத்துக்கு நடந்துபோய், சாத்தானின் கடிகாரத்தை நாலு முப்பத்தைந்தில் நிறுத்தினார். அப்பாடா, பாவக் கணக்கு நேரானது.

பாதிப் படி இறங்கியதும்தான் தான் செய்த காரியம் அவருக்குப் புரிந்தது. இந்தக் கோயில் கட்டிய நாள்முதல் இன்றுதான் சாத்தானுக்குச் சரியான நேரம் தெரிந்திருக்கிறது. விஸ்தின் சிலுவை போட்டுக்கொண்டார்.

கீழே அவரைத் தவிர யாரும் பதறவில்லை. நாலே ஐந்து. நாலே பத்து. பெண் வரவில்லை. மாப்பிள்ளை வரவில்லை. நேனு மட்டும் வலது கோபுரத்தைப் பார்த்துச் சிரித்தார். "சாத்தானுக்கு இன்னிக்கு நாலு முப்பத்தஞ்சு வச்சிருக்கியா? நல்ல பொய்தான், நம்புற மாதிரியே இருக்கு."

நாலு பதின்மூன்று. பக்கத்துக் கதவு திறந்தது. துன் மிக்கியேல் இந்தத் தடவை அங்கியோடு வந்தார். பாதி முகம் மழித்திருந்தது, மறுபாதியில் சோப்பு நுரை. கையில் பெரிய கதவின் சாவிக்கொத்து.

சாவி! பூட்டப்போகிறார்!

விஸ்தின் மூன்றாவது தடவையாக மணிக்கூண்டுக்குள் பாய்ந்தார். ஐம்பத்தெட்டு வயசு நெஞ்சு பட்டாசு போல் வெடித்தது. மேலே போனதும் யோசிக்காமல், எந்தக் கடிகாரக்காரரும் தன் பிள்ளைக்கு முதல் நாளே சொல்லித்தரும் பாடத்தை மறந்து, பெரிய முள்ளைப் பின்பக்கமாகத் திருப்பினார்.

உள்ளே ஏதோ ஒன்று 'க்ளக்' என்றது. சுத்தியல் தூக்கிக்கொண்டது. மணி அடித்தது.

ஒன்று. இரண்டு. ஐந்து. எட்டு. பன்னிரண்டு அடித்ததும் நின்றுவிடும் என்று நம்பினார். பதின்மூன்று அடித்தது. பதினேழு அடித்தது. "ஐயோ, நிறுத்து! நிறுத்து!" என்று யந்திரத்தைக் கெஞ்சினார். இருபத்தொன்றில் பாய்ந்து சுத்தியலை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டார். விட்டால் மறுபடி அடிக்கும். விடமுடியாது, இறங்கவும் முடியாது.

பேட்டையே வெளியே வந்துவிட்டது. இருபத்தொரு மணியை யாரும் வாழ்நாளில் கேட்டதில்லை. தீயா, போப்பாண்டவர் போய்விட்டாரா, யுத்தமா என்று மாடங்கள் திறந்தன. மரச்சட்டத்தின் இடுக்கு வழியாக விஸ்தின் கீழே பார்த்தார். ஒரு பக்கம் வாத்தியக் குழுவினர் ஊதுகுழல்களோடு ஓடி வந்தார்கள். துறைமுகத்துப் படிக்கட்டில் ஒரு கூட்டம் முண்டியடித்து ஏறியது. அதன் முன்னால், கோட்டு பறக்க, தொப்பியைப் பிடித்துக்கொண்டு, சால்வு!

"வந்துட்டான்!" என்று விஸ்தின் சுத்தியலைக் கட்டிக்கொண்டே அழுதார். "என் மருமகன் வந்துட்டான்!"

இன்னொரு தெருவிலிருந்து செருப்புக் காலோடு ரோசா வந்தாள். பின்னால் ஜுதித்தா, வெள்ளை உடையில், காதுக்குமேல் ஒரே ஒரு சுருட்டைக் குழாய் மிச்சமிருக்க. துன் மிக்கியேல் பெரிய கதவுக்குச் சாவி போட்டுத் திருகி, இரண்டு கதவையும் விரியத் திறந்தார். மனம் இளகிவிட்டது மனிதருக்கு, என்று விஸ்தின் உருகினார். எல்லாரும் வந்தாயிற்று. இல்லாதது ஒரே ஆள், பெண்ணின் கையைப் பிடித்து நடத்திப்போகவேண்டிய அப்பா.

கீழே ரோசா அண்ணாந்து கோபுரத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை நூற்றுப் பதினாலு படியையும் தாண்டி வந்து சுட்டது. முப்பது வருஷத்துக்கு முன்னால் பீடத்தருகே பார்த்த அதே பார்வை.

அந்த நேரத்தில் படிக்கட்டில் மூச்சுச் சத்தம் கேட்டது. வெள்ளைத் தொப்பி தெரிந்தது. கோயில் பார்க்க வந்தவர், மேலே இருந்து துறைமுகத்தைப் படம் எடுக்க ஏறி வந்திருந்தார்.

"ஐயா! ஆண்டவரே உங்களை அனுப்பினார்! இதைக் கொஞ்சம் பிடிங்க. என் மகள் கல்யாணம்!"

"எவ்வளவு நேரம்?"

"ஒரு நிமிஷம்" என்றார் விஸ்தின், இறங்கி ஓடிக்கொண்டே.

வாசலில் ரோசா அவர் காதருகே குனிந்தாள். "மறுபடியுமா?" என்ற ஒரே சொல்லைப் பல்லுக்கிடையே சொன்னாள். பிறகு கைக்குட்டையால் அவர் முகத்து எண்ணெயைத் துடைத்துவிட்டாள். ஜுதித்தா அவர் கையைப் பிடித்தாள். விஸ்தின் மகளின் தலையிலிருந்து அந்தக் குழாயை மெதுவாக உருவித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். ஆர்மோனியம் முழங்கியது. அவர் அழுதுகொண்டே நடந்தார், அழுதுகொண்டே பெண்ணைக் கொடுத்தார். அவ்வளவு நிம்மதியாக அவர் வாழ்க்கையில் அழுததில்லை. பூசை முடியும்வரை மணி ஒரு தடவைகூட அடிக்கவில்லை. அந்த வெளிநாட்டுக்காரர் சொன்ன சொல் தவறாதவர்.

விருந்து வாத்தியக் குழு மண்டபத்தில் நடந்தது. இரண்டு கிண்ணம் திராட்சை மது உள்ளே போனதும் விஸ்தினுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. சால்வு வந்து கையை முத்தமிட்டான்.

"மணிச் சத்தம் கேட்டதும் பயந்துட்டோம் மாமா. அடிச்சுப் பிடிச்சு ஓடி வந்தோம்."

"பரவாயில்லை மாப்பிள்ளை. தாமதமா வந்ததை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

சால்வு திருதிருவென்று விழித்து ரோசாவைப் பார்த்தான். ரோசா உத்தரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

விஸ்தின் நேனுவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டார். "பார்த்தியா நேனு? மாப்பிள்ளை லேட்டு, பொண்ணு லேட்டு, வந்த கூட்டம் மொத்தமும் லேட்டு. நான் ஒருத்தன் மேலே ஏறி நேரத்தைப் பிடிச்சு நிறுத்தலைன்னா, நாலு மணிக் கல்யாணம் என்ன ஆகியிருக்கும்?"

நேனு வாயிலிருந்த கேக்கை மென்று விழுங்கினார். கோட்டுப் பைக்குள் கைவிட்டு, எண்ணெய்க் கறை படிந்த ஓர் அழைப்பிதழை எடுத்து, விஸ்தினின் மூக்குக்கு நேரே பிடித்தார்.

"சாத்தான் வந்து பூசையைக் கெடுத்துடக் கூடாதுன்னுதானே கோயில்ல ரெண்டு கடிகாரம் வச்சிருக்கோம்? ரோசாவும் அதையேதான்யா செஞ்சா. ஊருக்கெல்லாம் கல்யாணம் அஞ்சு மணிக்கு. நாலு மணின்னு சொன்னது உனக்கு மட்டும்தான்."